சென்னை–டெல்லி: ஒரே விமானத்துக்கு மூணு விலை, எதை நம்புவது?

கேள்வி:
சென்னையிலிருந்து டெல்லிக்கு நாலு பேர் போய்வரணும். தேதி, விமான எண் எல்லாம் ஒன்றுதான். ஏஜென்ட் ஆப்பில் விலை குறைவாகத் தெரிகிறது, பணம் கட்டும் பக்கத்தில் ஏறிவிடுகிறது. ஒரு ஆளுக்குத் தேடினால் வரும் விலையும் நாலு பேருக்குத் தேடினால் தலைக்கு வரும் விலையும் வேறு. ஏன்?

பதில் 1:
முதல் பக்கத்து விலையை விட்டுவிடுங்க. அங்கே பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் ஏதோ ஒரு வங்கி கார்டுக்கான தள்ளுபடியைக் கழித்த விலை. கன்வீனியன்ஸ் ஃபீ (புக் செய்து தருவதற்கான சேவைக் கட்டணம்) கடைசியில்தான் சேரும், அதுவும் ஆளுக்கு, ஒவ்வொரு வழிக்கும். 400 ரூபாய் என்று வைத்தால் உங்களுக்கு 400×4×2, 3,200 ரூபாய். இன்சூரன்ஸ் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்க. கூகுள் ஃப்ளைட்ஸில் போய்வரத் தேடினால் போகும் விமானத்துக்கு எதிரே தெரிவதே இரு வழிக்கான தொகை. ஆப்பில் தெரியும் ஒரு வழி விலையோடு அதை ஒப்பிட்டுக் குழம்பாதீங்க.

பதில் 2:
நாலு பேர் விலை ஏறுவதற்குக் காரணம் ஃபேர் பக்கெட், அதாவது ஒரே விமானத்தின் சீட்டுகளை வேறு வேறு விலைகளில் பிரித்து வைத்திருக்கும் தொகுதிகள். மலிவான பக்கெட்டில் இரண்டு சீட்தான் மிச்சம் என்றால், சிஸ்டம் நாலு பேரையும் சேர்த்தே அடுத்த பக்கெட்டுக்கு ஏற்றிவிடும். 1, 2, 3 பேர் என்று தேடிப் பாருங்க, எந்த எண்ணில் தலைக்கு விலை குதிக்கிறதோ அங்கே பிரித்து எடுக்கலாம்.

கேட்டவர்:
பிரித்து எடுத்தால் இரண்டு பிஎன்ஆர் (புக்கிங் எண்) ஆகிவிடுமே, பிரச்சினை வருமா?

பதில் 2:
வரும். விமானம் ரத்தானால் ஒவ்வொரு பிஎன்ஆரையும் தனித்தனியாகத்தான் மாற்றுவார்கள், இரண்டும் ஒரே விமானத்துக்குப் போகும் என்று உறுதியில்லை. வயதானவர், குழந்தை இருந்தால் ஒரே பிஎன்ஆரில் துணைக்கு ஒருவரையும் சேர்த்துவிடுங்க.

பதில் 3:
ஃபேர் பிரேக்கப்பையும் (டிக்கெட் விலையில் எது எவ்வளவு என்ற விவரம்) திறந்து பாருங்க. கேன்சல் செய்தால் விமான நிறுவனம் பிடிக்கும் தொகை அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் சர்சார்ஜும் சேர்ந்ததைத் தாண்டக் கூடாது என்பது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதி. யுடிஎஃப் (விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம்), பாதுகாப்புக் கட்டணம் போன்றவை, நீங்கள் விமானத்துக்கே போகாவிட்டாலும், திரும்பக் கிடைக்கணும். கேட்டு வாங்குங்க, பலர் விட்டுவிடுகிறார்கள். கன்வீனியன்ஸ் ஃபீ பெரும்பாலும் திரும்பாது. இன்னொன்று, மிகக் குறைந்த விலை கைப்பை மட்டும் அனுமதிக்கும் ஃபேராக இருக்கலாம். 15 கிலோ லக்கேஜ் சேர்ந்த ஃபேரோடு அதை நேரடியாக ஒப்பிட முடியாது. லக்கேஜ் வேண்டுமென்றால் புக் செய்யும்போதே சேருங்க, கவுன்டரில் கிலோவுக்கு இவ்வளவு என்று அதிகம் பிடிப்பார்கள்.