ஏரி தூர்வாரும்போது நாணலைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து வணக்கம்.

ஏரி வேலைக்கான என் பங்கை அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வேண்டுகோள். போன சனிக்கிழமை சாயங்காலம் பார்த்ததுதான் இதை எழுத வைக்கிறது.

இங்கே ஏப்ரல் மாதம் இலையுதிர் காலம். டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காடுகளுக்கு நடுவில் மவுண்ட் மோர்லண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளத்தில் நாணல் மண்டிய சதுப்பு. பக்கத்து வீட்டு ஆயாவும் வந்தார். 1860 முதல் கரும்பு வெட்ட வந்தவர்களின் வம்சம். வடை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

நாலு மணிக்கு நாணலில் தூக்கணாங்குருவிகள் மட்டும்தான். ஐந்தரைக்கு வானத்தில் புள்ளி புள்ளியாகத் தகைவிலான் குருவிகள். நம் ஊரில் மார்கழியில் கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காருமே, நீலக்கருப்பு முதுகும் செந்தொண்டையும் பிளந்த வாலுமாக, அதே இனம். இங்கே வருபவை ஐரோப்பாப் பக்கத்தவை. 20 கிராம் எடைதான், ஒரு வழிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் பறக்கின்றன. ஊர் திரும்பும் நேரம் என்பதால் புது இறகு முளைத்து வால் நீண்டிருந்தது. ஒரு காலத்தில் 30 லட்சம் வரை தங்கியதாகக் கணக்கு. அன்று அவ்வளவு இல்லை. ஆனாலும் இருட்டும் நேரத்தில் சுழன்று சுழன்று, திடீரென்று மழை கொட்டுகிற மாதிரி நாணலுக்குள் இறங்கியபோது ஆயா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பேச்சே வரவில்லை.

2010இல் பக்கத்திலேயே கிங் ஷாகா விமான நிலையம் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் குருவிகளுக்காக விடாமல் பேசினார்கள். கடைசியில் கூட்டம் எங்கே பறக்கிறது என்று பார்க்க ரேடார் வைத்தார்கள், நாணலை அழிக்கவில்லை.

நம் ஏரியிலும் வடமூலையில் நாணலும் சம்பும் இருக்கிறது. தண்ணீரில் நிற்கும் நாணல்தான் இந்தக் குருவிகளுக்கு ராத்திரிப் படுக்கை, பூனை எளிதில் நெருங்க முடியாது. பகலெல்லாம் வயல்மேல் பறந்து பூச்சி பிடிப்பவையும் இவைதான். மதகுப் பக்கம் நன்றாக ஆழப்படுத்துங்கள், பாசனத்துக்கு அது வேண்டும். அந்த மூலையை மட்டும் தொட வேண்டாம். பொக்லைன் இறங்குவதற்கு முன் தலைவர் ஒப்பந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.