தெலோனியஸ் மாங்க்: முதலில் கேட்ட அந்த நேரம்

நள்ளிரவு ரேடியோ:
மூன்று வாரமாக மண்டைக்குள் ஓடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி ஷிப்ட், ஆளில்லாத கேன்டீன். கூட வேலை பார்க்கும் பையன் ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தான். ‘ரவுண்ட் மிட்நைட்’, அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் மாங்க் தனியாக வாசித்தது. ஓரிடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டதோ என்று போனை எட்டிப் பார்த்தேன். “இருங்கண்ணே” என்றான். அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டும் ஒன்றாக விழுந்தன, பல் கூசுகிற மாதிரி. தப்பாக வாசித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டபோது அந்தத் தப்புக்காகவே காத்திருந்தேன். உங்களுக்கு எப்படி?

கறுப்புக் கட்டை:
தப்பு என்ற வார்த்தையைத் தயவுசெய்து விடுங்கள். வீணையில் தந்தியை இழுத்து நடுச்சுரத்தைப் பிடிக்கலாம், பியானோவில் முடியாது. அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அடித்து அந்த நடுவைக் காதுக்குக் காட்டுகிறார். சரி, என் கதை. எட்டு வயதில் பியானோ வகுப்பு. விரலை வளைக்காவிட்டால் மணிக்கட்டில் ஸ்கேலால் அடி. இருபது வருடம் கழித்து மாங்க் வாசிக்கும் பழைய படம் ஒன்று பார்த்தேன். விரல்கள் பலகை மாதிரி நீண்டிருக்கின்றன, ஒன்றில் பெரிய மோதிரம். மடியில் இருந்த என் விரல்களும் தானாக நீண்டன. அழுதுவிட்டேன்.

மேற்கு 63:
1922-இல், நாலு வயதில், வட கரோலினாவிலிருந்து நியூயார்க் வந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதி மேற்கு 63-ஆம் தெருவில்தான். சாப்பாட்டு இடைவேளையில் போய் நின்றேன். தெருமுனையில் அவர் பெயர்ப்பலகை. சின்ன வீடு, பியானோ சமையலறை வரை நீட்டிக்கொண்டிருக்குமாம். யாரோ ஒரு அம்மா காய்கறிப் பையோடு உள்ளே போனார். தாளிக்கிற வாசனைக்கு நடுவில் இதையெல்லாம் உண்டாக்கினாரா என்று நினைத்தபடி ஆபீசுக்குத் தாமதமாகப் போனேன்.

பழைய இசைத்தட்டு:
நான் கேட்டது கல்லூரி விடுதியில், ஒரு மழைநாளில். அவ்வளவுதான்.
ஆனால் நள்ளிரவு ரேடியோ, ஒரு பக்க இயர்போனில் மாங்க்கைக் கேட்காதீர்கள். அவருடைய இடது கை என்ன சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் பாதி பாட்டு. 1957 நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேனோடு வாசித்ததிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒலிநாடா 2005-இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. அதைக் கேட்குமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1951-இல் நண்பர் பட் பவலோடு காரில் இருந்தபோது போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டார். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மது விற்கும் கிளப்புகளில் வாசிக்கப் போலீஸ் தரும் அட்டை பறிபோனது. ஆறு வருடம்! மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். அட்டை திரும்பி வந்த அதே வருடம்தான் இந்தக் கச்சேரி. முதல் பாட்டில் பியானோ எவ்வளவு நிதானமாக நுழைகிறது, பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில், இரண்டு முறை. டிரம்ஸை மட்டும் தனியாக ஒருமுறை.

பெட்டிக்காரர் மகள்:
எனக்குக் கடைசி வருடங்கள்தான் மனதை விட்டுப் போகவில்லை. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், வீஹாக்கனில், அவரை ஆதரித்த தோழி பன்னோனிகா அம்மையாரின் வீடு. அறையிலேயே பியானோ. 1982-இல் மாங்க் இறக்கும் வரை ஏறக்குறைய ஆறு வருடம் அதைத் தொட்டதே அபூர்வம். இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.
அப்பா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். ஒருநாள் நிறுத்தினார். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் வைப்பார், திறக்க மாட்டார். ஏன்ப்பா என்று கேட்டால், “வாசிச்சாச்சும்மா.” ஒரே ஒரு வருடம் மூடியைத் திறந்தார். துருத்தியை இழுக்காமல் ஒரு கட்டையை மட்டும் அழுத்தினார். டக் என்று மரச்சத்தம்தான் வந்தது. மூடிவிட்டார்.