காகரின் குதித்தாரா, இல்லையா?

செம்பனை ராக்கெட்:
நேற்று கோயில் மண்டபத்தில் நம்ம ஊர் ‘அறிஞர்’ ஒருவர் பிள்ளைகள் முன்னால் விட்ட கதை இது. யூரி காகரின் பாதியிலேயே பாராசூட்டில் குதித்துவிட்டாராம், அதனால் முதல் விண்வெளி வீரர் அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட்தானாம். கேட்டு வயிறு எரிந்தது. 1961 ஏப்ரல் 12, காகரின் போன கலம் வோஸ்தோக் 1, பூமியைச் சுற்றி 108 நிமிடம். ஷெப்பர்ட் மே 5இல் போனது 15 நிமிடம். மேலே ஏறினார், கடலில் விழுந்தார். சுற்றவே இல்லை!

பழைய கிராணி:
அந்த அறிஞர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாமே, தம்பி. ஒரே கேள்வி: காகரின் குதித்தாரா, இல்லையா?

செம்பனை ராக்கெட்:
குதித்தார். ஏழு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வந்தார். வோஸ்தோக் உருண்டை மெதுவாகத் தரையிறங்காது, மோதும். உள்ளே ஆள் இருந்தால் ஆபத்து என்றுதான் அப்படி வடிவமைத்தார்கள். 1963இல் விண்வெளிக்குப் போன முதல் பெண் தெரெஷ்கோவாவும் இப்படித்தான் இறங்கினார். அவரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவீர்களா?

பழைய கிராணி:
ஆக, குதித்தார். அப்புறம் ஏன் மறைத்தார்கள்? கலத்தோடு இறங்கினால்தான் சாதனை என்று உலக விமான விளையாட்டுச் சம்மேளனத்தில் விதி இருந்தது. கலத்தோடுதான் இறங்கினார் என்று ரஷ்யர்கள் பதிய வைத்தார்கள். 1971 வரை உண்மையைச் சொல்லவில்லை. தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவு, எழுதியவன் நான். பிரட்டில், காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்துவிட்டுப் பாதி நிரையில் நழுவினவனுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, போட மாட்டேன்.

செம்பனை ராக்கெட்:
அதே 1961 ஆகஸ்டில் அடுத்த ரஷ்ய வீரர் தீத்தோவ் 17 முறை சுற்றிவிட்டு வந்து, நான் கலத்தை விட்டுத் தனியாகத்தான் இறங்கினேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். சம்மேளனம் விதியையே மாற்றிக்கொண்டது. செக்ரோல் மாறிப்போச்சு அண்ணே, நீங்கள்தான் மாறவில்லை.

லயத்துப் பொண்ணு:
முதலில் யாரை விண்வெளி வீரர் என்கிறீர்கள்? சுற்றினால் போதுமா, கலத்தோடு இறங்கவும் வேண்டுமா? அதை முடிவு பண்ணாமல்...

பழைய கிராணி:
அதெல்லாம் அப்புறம்மா. குதித்தாரா, இல்லையா?

மூன்றாம் கட்டை:
ரஷ்யா கிடக்கட்டும். 2007 அக்டோபரில் நம்ம மலேசியாவின் ஷேக் முஸாபர் போனாரே, ரஷ்யாவிடம் 18 சுக்கோய் போர் விமானம் வாங்கியதற்குக் கொசுறாகக் கிடைத்த இடம்தானே? அவர் வீரரா, பயணியா?

செம்பனை ராக்கெட்:
பயணி என்று எழுதியது நாசா. பைக்கோனூர் ஏவுதளத்தில் இருந்து சோயூஸ் கலத்தில் போய், விண்வெளி நிலையத்தில் புற்றுநோய் அணுக்களை வைத்து ஆய்வு செய்தவர். நீ கோலாலம்பூர் பஸ்ஸிலேயே தூங்குகிற ஆள். பேச வந்துவிட்டாய்.

லயத்துப் பொண்ணு:
முஸாபரைத் தேர்ந்தெடுத்த தேர்வில் கடைசி நால்வரில் ஒரே பெண் நம்ம வனஜா. அவர் பேரை எடுக்க இங்கே ஒருவருக்கும் வாய் வராது.

மூன்றாம் கட்டை:
நான் எடுக்கத்தான் வந்தேன், இவன் விடவில்லை.

பழைய கிராணி:
முஸாபர் கலத்துக்குள்ளேயே இருந்து இறங்கினார். காகரின்?

செம்பனை ராக்கெட்:
திரும்பும்போது என்ன நடந்தது என்று தெரியுமா? பின்பக்கக் கருவிப் பெட்டி கழன்றுகொள்ள வேண்டும், ஆனால் ஒரு வடம் அறுபடாமல் கலத்தோடு தொங்கியது. உருண்டை சுழன்றுகொண்டே காற்று மண்டலத்தில் நுழைந்தது. அந்தச் சூட்டில்தான் வடம் கருகி அறுந்தது. பிறகு காகரின் ரஷ்யாவில் சரத்தோவ் பக்கம் ஒரு வயலில் இறங்கி நடந்தார். அங்கே இருந்த ஒரு பாட்டியும் பேத்தியும் ஆரஞ்சு உடையைப் பார்த்துப் பயந்து பின்வாங்கினார்கள். இத்தனையும் செய்த ஆளுக்கு முழுப் பேர் கிடையாதா? ராக்கெட்டைக் கட்டிய கொரோலியோவின் பேரையே 1966இல் அவர் சாகும்வரை வெளியே விடவில்லை. மறைப்பது அந்த நாட்டுப் பழக்கம். அதற்குக் காகரின் என்ன செய்வார்?

பழைய கிராணி:
நீளமாக எழுதினால் கலத்துக்குள் உட்கார்ந்து இறங்கினதாக ஆகிவிடுமா?

செம்பனை ராக்கெட்:
என் தொலைநோக்கியை இரவல் வாங்கி, முக்காலியில் ஒரு காலை ஒடித்து, துணி சுற்றித் திருப்பிக் கொடுத்தவர் கணக்கு பேசுகிறார்!

பழைய கிராணி:
வாங்கும்போதே அந்தக் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. உன் அப்பாவைக் கேள்.

லயத்துப் பொண்ணு:
அண்ணே, வனஜா?

செம்பனை ராக்கெட்:
அப்பாவை இதில் இழுக்காதீங்க. புது முக்காலி எப்போ வாங்கித் தருவீங்க?

பழைய கிராணி:
காகரின் கலத்தோடு இறங்கினார் என்று எழுதிக் கொடு, வாங்கித் தருகிறேன்.