புதுப்பிப்பு: 48 வோல்ட் போட்டதும் அறுந்துபோன ஆடியோ இன்டர்ஃபேஸ் – சரியாகிவிட்டது

காரைக்குடி வீட்டில் அப்பத்தாவின் தாலாட்டுகளைப் பதிவு செய்யும்போது, கண்டென்சர் மைக்குக்கு (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக்) 48 வோல்ட் போட்ட சில நிமிடங்களில் யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) தொடர்பு அறுந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விண்டோஸில் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. சாதனங்களைத் தூங்கவைக்கும் அமைப்பு) அணைத்தேன், பலனில்லை. டிரைவரை மறுபடி போட்டும் அப்படியேதான்.

ஹப்பை (ஒரு யூ.எஸ்.பி. போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) தூக்கிப் போடச் சொன்னவர்தான் சரி. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றோடும் இதையும் செருகியிருந்தேன். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவதே 500 மில்லிஆம்பியர். அதை நாலு பேர் பங்கு போட்டால் மைக்குக்கு என்ன மிஞ்சும்? 1 மீட்டர் கேபிளில் நேரே லேப்டாப்பில் செருகினேன். இரண்டு மணி நேரம் ஓடியது, ஒரு தடவைகூட அறவில்லை.

எதிர்பாராதது ஒன்று. சார்ஜர் செருகினால் மட்டும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்; பேட்டரியில் ஓட்டினால் இல்லை. எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தால், வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதி) இருந்த பழைய பிளக் பாயிண்டுக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லை. முன்னால் மூன்று ஓட்டை, மேல் ஓட்டைக்குப் பின்னால் வெறும் சுவர்! இத்தனை வருஷம் அதில்தான் அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கிறோம். எர்த் இழுத்ததும் இரைச்சல் அடங்கியது.

இப்போது பதிவில் மிச்சம் முற்றத்துக் குருவிச் சத்தம்தான். அது இருக்கட்டும் என்று அப்பத்தா சொல்லிவிட்டார்கள்.