குளத்துத் தண்ணீரில் பாசி: குளோரினைக் கூட்டினால் வாடையும் கூடுகிறதே?

பம்புக்காரன்:
தோவாளைப் பக்கம் ஒரு சின்னக் குடிநீர்த் திட்டத்தில் பம்பு பார்க்கிறேன். குளத்துத் தண்ணீரை எடுத்து, படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, மணலில் வடிகட்டி மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை அடைத்ததிலிருந்து குளம் ஒரே பச்சை. எடுக்கிற இடத்திலேயே குளோரினுக்காகப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கூட்டினேன், பச்சை கொஞ்சம் வெளுத்தது, ஆனால் மண்வாடை அடிக்கிறது என்று வீட்டுக்கு வீடு ஏச்சு. பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா?

பழையாறு:
வேண்டாம் மக்கா. உயிரோடிருக்கும் பாசிமேல் குளோரின் பட்டால் செல் உடைந்து, உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். அந்த மண்வாடை, பாசிக்குள் இருக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளாக இருக்கும், லிட்டருக்குப் பத்து நானோகிராம் அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். நீலப்பச்சைப் பாசி என்றால் ஈரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சும் வரலாம். மயில்துத்தமும் செல்லை உடைக்கிற சாமான்தான், போதாததற்கு மீனும் சாகும். பாசியை உடைக்காமல் முழுசாகப் பிடித்து வெளியேற்று, குளோரினை வடிகட்டிய பிறகு போடு.

ஓலைக்கூரை:
பம்பு எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் மதியம் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 9-ஐத் தாண்டிவிடும், அதில் படிகாரம் சரியாகத் திரளாது, அலுமினியமும் தண்ணீரிலேயே தங்கும். பிஎச் 6-க்கும் 7.5-க்கும் நடுவில்தான் படிகாரம் ஒழுங்காக வேலை செய்யும். விடியற்காலையில் எடுத்துப் பாருங்கள். அளவைக் குத்துமதிப்பாகக் கூட்டாமல் நாலைந்து ஜாடியில் வேறுவேறு அளவு கலக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தெளிய வைக்கும் தொட்டிக்கு மேலே ஓலை வேய்ந்தால் வெயில் படாது. எப்படியும் பாசி லேசானது, அடியில் படிய அடம்பிடிக்கும். பெரிய நிலையங்களில் அதனால்தான் காற்றுக் குமிழி விட்டு மேலே மிதக்கவைத்து வழித்தெடுக்கிறார்கள்.

வாசலம்மா:
வீட்டில் கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா அண்ணா?

பழையாறு:
கிருமி சாகும் தங்கச்சி, அந்த நஞ்சு சூட்டுக்கு மசியாது. கிளர்வூட்டிய கரி வடிகட்டி வாடையையும் நஞ்சையும் பிடிக்கும், ஆனால் கரியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அதுவும் சும்மா. அந்த நஞ்சில் ஒரு வகையான மைக்ரோசிஸ்டின்-எல்ஆருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். பச்சை இப்படியே கிடந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பம்புக்காரரே, மணலைக் கழுவின தண்ணீர் எங்கே போகிறது?

பம்புக்காரன்:
திரும்பக் குளத்துக்குத்தான் அண்ணா, பிடித்த பாசியும் கூடவே போகிறது. சரி சரி, நாளைக்கே குழாயைத் தென்னைக்குத் திருப்புகிறேன்.