மறு: சொரசொரப்பா, கரடா, சருச்சரையா?

பீன்யாவிலிருந்து:
அப்ரண்டிஸ் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகள். வரைபடத்தில் ‘ஆர்ஏ 0.8’ என்றிருந்தால் வாசித்துவிடுகிறார்கள். எதன் அளவு என்றால் முழிக்கிறார்கள். மெஷினில் கடைந்த பரப்பில், நடுக்கோட்டிலிருந்து மேடும் பள்ளமும் விலகும் தூரத்தின் சராசரி, மைக்ரானில். இந்த ‘சர்ஃபேஸ் ரஃப்னஸ்’ஸுக்குத் தமிழில் ‘சொரசொரப்பு’ என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

ஜெயநகரிலிருந்து:
உண்டு. ‘வழவழப்பான பரப்பின் சொரசொரப்பு 0.1’ என்றால் பையன் சிரிப்பான். பழைய உரைகளில் ஊறு, அதாவது தொடு உணர்வு, எட்டு என்று எண்ணுவார்களே, அதில் வழவழப்பான இழுமெனலுக்கு எதிராகச் சருச்சரை நிற்கிறது. சரசர, சருகு, சரளை எல்லாம் இந்தக் குடும்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உரசும்போது எழும் ஒலியே வேராக இருக்கலாம்.

மல்லேஸ்வரத்திலிருந்து:
ஐயா, ஒலிதான் வேர் என்றால் சொரசொரப்புக்கும் அதே கதைதானே? ‘சர’ உசத்தி, ‘சொர’ மட்டமா? சருச்சரையை முதலில் எங்கள் ஃபோர்மேன் வாயில் நுழையவையுங்கள். ‘கரடு’ போதும். தேனிப் பக்கம் சிறு குன்றுக்கே கரடு என்று பேர். அளக்கும் கருவியின் ஊசி பரப்பைத் தடவி வரைகிற கோட்டைப் பெரிதாக்கினால் வரிசையாகக் கரடுகள்தான். பக்கத்து மெஷின் கன்னடக்காரர் ‘ஒரட்டு’ என்கிறார். கரடு, முரடு, ஒரட்டு, காதுக்கு உறவு மாதிரிதான் கேட்கிறது.

பீன்யாவிலிருந்து:
குன்றுதான் சிக்கல். இன்ஜின் சிலிண்டரின் உட்புறத்தைச் சாணைக்கல்லால் தேய்த்து ஹோனிங் செய்யும்போது மேடுகளைச் சமமாக்கி, எண்ணெய் தங்கக் குறுக்குக் கீறல்களை மட்டும் விட்டுவைக்கிறோம். அங்கே கரடு எது? எல்லாம் பள்ளம். அதே ஆர்ஏ உள்ள வேறொரு பரப்பில் மேடுகள் துருத்திக்கொண்டு பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். அந்த ஒரே எண்ணை நம்பக்கூடாது என்றுதான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன்.

அப்புறம், மெஷின் அதிர்வால் வரும் நீண்ட அலைகள். கருவி 0.8 மி.மீ. அலைநீள வடிகட்டி வைத்து அதைத் தனியாகப் பிரிக்கிறது. அதற்குப் பெயராக ‘அலைவு’ வேண்டாம், பள்ளிப் புத்தகத்தில் அந்தச் சொல்லை ஊசல் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஜெயநகரிலிருந்து:
‘நெளிவு’. இதில் சண்டை இல்லை.

ஒசூரிலிருந்து:
எங்கள் பையன்கள் எல்லாவற்றுக்கும் ‘ஃபினிஷ்’தான். ஃபினிஷ் கூடினால் ஆர்ஏ குறையும். சொல் ஒரு பக்கம் ஏற, எண் மறுபக்கம் இறங்குகிறது. அதனால் என் ஓட்டும் சொரசொரப்புக்கே, அரைமனதோடு.

பீன்யாவிலிருந்து:
சரி, சொரசொரப்பு, நெளிவு என்று அனுப்பிவிடுகிறேன். சருச்சரை அடைப்புக்குள் ஒரு தடவை வரும்.

ஜெயநகரிலிருந்து:
அடைப்புக்குள் போடுவதற்குப் போடாமலே விடலாம். கருவிக்குச் ‘சொரசொரப்பளவி’ என்று பெயர் வைக்கும் நாளில் சொல்லியனுப்புங்கள், வருகிறேன்.