செயின்ட் கில்டா, ஹெப்ரிடீஸ் பழைய படங்கள்: நேரில் பார்த்தவர்கள் உண்டா?

நனைந்தகுடை:
போன ஜூனில் ஹிர்தா போய் வந்தேன், ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளின் கடைக்கோடியில் இருக்கும் செயின்ட் கில்டாவின் பெரிய தீவு. ஹாரிஸிலிருந்து படகில் மூன்று மணி நேரம், வாந்தி எடுத்தது தனிக்கதை, அதை விடுங்கள். அந்த 1886 'பார்லிமென்ட்' படத்தை போனில் வைத்துக்கொண்டு போயிருந்தேன், தாடிக்காரர்கள் தெருவில் வரிசையாக நிற்பார்களே, அதுதான். எங்கே நின்று எடுத்திருப்பார்கள் என்று தெருவில் பின்னால் பின்னால் நகர்ந்து பார்த்ததில் ஓரிடத்தில் போனில் இருந்த சுவரும் எதிரே இருந்த சுவரும் பொருந்தின மாதிரி தெரிந்தது. படத்தில் ஆட்கள் நிற்கிற இடத்தில் ஒரு பழுப்பு ஆடு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. ஊர்க்காரர்களில் மிச்சமிருந்த 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29ஆம் தேதி தீவையே காலி செய்து கப்பலேறிய பிறகு, 1932ல் கொண்டுவந்து விட்ட ஆடுகளின் வம்சம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா என்னவென்று கேட்டார், போனைக் கொடுத்தேன். ஒரு தாடிக்காரரின் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், முகம் வெறும் கட்டம் கட்டமாக ஆகும்வரை விடவில்லை. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகுப் பக்கம் நடந்துவிட்டார். உங்கள் சொந்தக்காரரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உப்புக்காற்று:
பார்லிமென்டுக்கு மேற்கோள் குறி போட்டீர்களே, அதற்கே நன்றி. வேலைநாள் காலையில் கூடி, இன்றைக்குப் பாறையில் இறங்கிப் பறவை பிடிப்பதா, வேறு வேலையா என்று பேசி முடிவு செய்வார்கள், அவ்வளவுதான். பேர் வைத்தது வெளியாட்கள். படம் எடுத்ததும் வியாபாரத்துக்கு. அபர்டீனில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் கம்பெனி ஆள் அனுப்பி எடுத்தது. இந்தப் படத்தைப் பார்த்து "அந்தக் கால வாழ்க்கை" என்று உருகுவது எனக்கு ஒத்துவராது. உருக வேண்டுமானால் மார்கரெட் ஃபே ஷா எடுத்ததைப் பாருங்கள். அமெரிக்காக்காரி, தெற்கு யுயிஸ்ட் தீவில் அக்கா தங்கை இருவர் வீட்டிலேயே 1929 முதல் 1935 வரை தங்கியிருந்தார், அதனால் அதில் யாரும் விறைத்துக்கொண்டு நிற்பதில்லை.

என் கதை சின்னது. கிளாஸ்கோவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் செயின்ட் கில்டா வீடு என்று ஒரு பழைய அஞ்சலட்டை, 12 பவுண்டு கொடுத்தேன். சட்டம் போட்டு மாட்டி மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்த நண்பன் டீ குடித்துக்கொண்டே கேட்டான், "வீட்டுக்குப் பின்னால் நிற்பது மரமா?" ஹிர்தாவில் ஏது மரம்! இன்னும் கழற்றவில்லை.

பழையபெட்டி:
உப்புக்காற்று, விற்க எடுத்த படம் என்பதால் அதில் நிற்கிறவர் பொய் ஆகிவிடுவாரா? முகம் அவர் முகம்தானே.

லூயிஸ் தீவில் ஒரு பாட்டி எனக்குப் பள்ளிக்கூடக் குரூப் படம் ஒன்றைக் காட்டி, ஒவ்வொரு பிள்ளையையும் விரலால் தொட்டு, இன்னார் மகன், அவர் இன்னார் மகன் என்று மூன்று தலைமுறை சொல்லிப் பேர் சொன்னார். அங்கே பேசும் கேலிக் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நம் இனிஷியலை இரண்டு மடங்காக்கியது போல. பதினோரு பிள்ளைகள். ராத்திரி எழுத உட்கார்ந்தால் நான்கு பேர்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் சொல்கிறேன், யார் வீட்டில் பழைய படம் இருந்தாலும் முதலில் பேரை எழுதுங்கள், ஸ்கேன் எல்லாம் அப்புறம். பின்பக்கம் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பேனா வேண்டவே வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். லேமினேஷன் செய்யாதீர்கள், தயவுசெய்து. செலோடேப் ஒட்டாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி நெகடிவ் கிடைத்தால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். சமையலறைப் பக்கச் சுவரில் மாட்டாதீர்கள். பேர் சொல்கிறவர் பேசும்போதே போனில் பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டு.

நனைந்தகுடை:
பெட்டி, நான் கேட்டது லேமினேஷன் பற்றி இல்லை 🙂

உப்புக்காற்று:
சரி, முகம் அவர் முகம்தான், ஒத்துக்கொள்கிறேன். குடை, அந்த அம்மா பெரிதாக்கியது யாரை? இடதிலிருந்து எத்தனையாவது ஆள்? பேர் போட்ட பிரதி எங்காவது இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

நனைந்தகுடை:
அதுதான் பிரச்சினை. நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.